காலி இடத்துக்குப் பூஜ்யம்

தம்பி கண்ணாடிக் கதவை ஸ்பேனரால் உடைத்துக்கொண்டுதான் அக்காவின் அலுவலகத்துக்குள் வந்தான். தடுக்கப் போன காவலாளிக்கு மூக்கு உடைந்தது. தினமும் வாய் கிழியப் பேசும் வீரர்கள் எல்லாரும் மேசைக்கடியில் பதுங்கினார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தான். வலது கை மணிக்கட்டோடு போயிருந்தது. ஸ்பேனரை மேசையில் வீசிவிட்டு, இருந்த ஒரு கையால் அக்காவின் தலைமுடியைப் பற்றிப் பொறி கலங்கச் சுவரில் மோதினான்.

ஏகப்பட்ட இயந்திரங்கள் அவள் உருவாக்கிய கணினி மொழியில் ஓடின. தம்பி வேலை பார்த்த, இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கிற பிரஸ் மிஷினும் அப்படித்தான். அந்த மொழியில் ஓர் இடத்தைக் காலியாக விட்டால், அது தானாகவே பூஜ்யம் போட்டுக்கொண்டு மேலே போகும். தப்பை மூடி மறைக்கிற வேலை என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். புதிய பதிப்பில், காலி இடம் வந்தால் புரோகிராம் அங்கேயே நின்றுவிடும்படி மாற்றினாள். நின்றால் ஆபத்தில்லை என்பது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களின் நினைப்பு. பிரஸ்ஸின் இரும்புப் பாளத்தை மேலே தாங்கிப் பிடித்திருந்ததே புரோகிராம்தான். ஒரு கணம் சென்சார் பதில் சொல்லவில்லை, அதன் இடம் காலியானது, புரோகிராம் நின்றது, பாளம் விழுந்தது. தம்பியின் கை அடியில் இருந்தது.

"பழையபடி மாத்து! என் இடத்துல இப்ப வேறொருத்தன் நிக்கிறான்!"

"முடியாதுடா." வாயெல்லாம் ரத்தம். "புதுசை நம்பி லிஃப்ட்காரங்க எழுதிட்டாங்க. புரோகிராம் நின்னாதான் அவங்களுக்கு பிரேக் விழும். பழசைக் கொண்டுவந்தா லிஃப்ட் ஆளோட கீழ போகும்."

தம்பியின் பிடி தளர்ந்தது. தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"அப்ப அவனுக்கும் இதே கதிதானாக்கா? வழியே இல்லையா?"

இல்லை என்றிருந்தால் தப்பித்திருப்பாள்.

"இருக்கு. புதுப் புரோகிராம்ல எல்லாம் பதிப்பு எண் இருக்கும். எண் இல்லாததைப் பழையபடி ஓட விடுன்னு ஒரு வரி சேர்த்தாப் போதும்."

"அன்னைக்கே சேர்த்திருக்கலாமா?"

"சேர்த்திருக்கலாம். ஒரே மொழி ரெண்டு விதமா நடந்தா அசிங்கமா இருக்கும்னு விட்டுட்டேன்."

எழுந்து ஸ்பேனரை எடுத்தான். மேசைமேல் ஊன்றியிருந்த அவளுடைய வலது கைமேல் ஓங்கி இறக்கினான். எலும்பு நொறுங்கியது மேசைக்கடியில் இருந்தவர்களுக்கும் கேட்டது.

அவள் அலறி முடிக்கும்வரை நின்றான். பிறகு கீபோர்டை அவளுடைய இடது கைப்பக்கம் தள்ளினான்.

"சீக்கிரம் எழுது. அங்க நிக்கிறவனுக்கு இன்னும் ரெண்டு கையும் இருக்கு."