முப்பதாவது திருட்டு

எங்கள் பேஸ்பால் அணியின் டெஸ்மண்ட் பிக்கெட்டை ஊர்ப் பத்திரிகை வாரம் தவறாமல் தலையில் தூக்கி வைத்து ஆடியது. வேலிக்கு வெளியே பந்தை அடித்து ஹோம் ரன் எடுக்கிறவனுக்கு ஓட்டம் வராது, பந்து வீசும் நேரத்தில் ஓடி அடுத்த தளத்தைத் திருடுகிறவனுக்குக் கையில் பலம் இருக்காது, இவனுக்கு இரண்டும் வாய்த்திருக்கிறது, அதிலும் திருட்டு வாரா வாரம் ஏறிக்கொண்டே போகிறது என்று எழுதினார்கள். எப்படி ஏறுகிறது என்று கேட்க மட்டும் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. நான் சொல்கிறேன். அவனுக்கு அடுத்து மட்டை பிடிக்கிற ஹாலிஸ் கிரப் நான்தான்.

முதல் தளத்தில் நின்று டெஸ் இடுப்பு பெல்ட்டைத் தொட்டால், அடுத்த பந்துக்கு ஓடப்போகிறான் என்று அர்த்தம். நான் ஹெல்மெட் விளிம்பைத் தொட்டால், பந்தை விட்டுவிடுகிறேன், ஓடு என்று அர்த்தம். நான் அடித்துவிட்டால் அது திருட்டில் சேராதே. அதனால், தட்டில் வைத்து நீட்டியது மாதிரி வந்த பந்தையெல்லாம் மரம்போல நின்று பார்த்தேன். எல்லாம் என் பெயரில் தப்பு. மூன்று தப்பு சேர்ந்தால் வெளியே போக வேண்டும். அவன் எண்ணிக்கை ஏறியது, என் சராசரி பாதாளத்துக்குப் போனது. தம்பி மாதிரி ஒருத்தன் மேலே வருகிறான், வரட்டும் என்று இருந்தேன். மடையன் நான்.

பருவத்தின் கடைசி ஆட்டத்தன்று காலையில் பயிற்சியாளர் பர்டெட் என்னை அறைக்குக் கூப்பிட்டார். டெஸ் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். பெரிய லீக்கிலிருந்து அவனுக்கு அழைப்பு வந்திருந்தது.

"மனசுல வச்சுக்காத ஹாலிஸ். அடுத்த வருஷம் டீம்ல நீ இல்ல."

"ஏன் கோச்?"

"நேரா வர்ற பந்தயே வேடிக்கை பாக்குறியேப்பா. வயசாயிருச்சு. கண்ணு பாக்குறதுக்குள்ள பந்து போயிருது."

நான் டெஸ்ஸைப் பார்த்தேன். 'எனக்காகத்தான் விடுறாரு கோச்' என்று அவன் சொன்னால் போதும். நானே சொன்னால் சாக்குப்போக்கு என்பார்கள். பலனடைந்தவன்தான் சொல்ல வேண்டும். அவனோ விதைத் தொலியைக் காகிதக் கோப்பைக்குள் துப்பிவிட்டுக் குனிந்து காலணிக் கயிற்றை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

உடை மாற்றும் இடத்தில் வந்து தோளில் கை போட்டான்.

"அண்ணே, ஹோம் ரன் முப்பது வந்தாச்சு. திருட்டுல ஒண்ணுதான் பாக்கி. நம்ம லீக்ல ரெண்டுலயும் முப்பது எவனும் தொட்டதில்ல. இன்னைக்கும் எப்பவும்போல விட்டுக் குடுத்துருங்க."

"உள்ள ஏன்டா வாயத் தொறக்கல?"

"அவரு இருந்த மூடுல என்னத்த சொல்றது? ஆட்டம் முடியட்டும்ணே, பாத்துக்கலாம்."

பாத்துக்கலாமாம்! ஆட்டம் முடிந்ததும் இவன் விமானம் ஏறிவிடுவான். நான் என் பையைத் தூக்கிக்கொண்டு மாமனாரின் டயர்க் கடைக்குப் போக வேண்டும்.

எட்டாவது இன்னிங்ஸில் நாங்கள் ஒரு ரன் முன்னால் இருந்தோம். ஒன்பதாவதும் கடைசியுமான இன்னிங்ஸில் எதிரணி எங்களை எட்டாவிட்டால் இனி எங்களுக்கு மட்டை பிடிக்கும் வேலை இருக்காது என்பதால் டெஸ்ஸுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. அவன் அடிக்குப் பயந்து பந்து வீசுகிற எதிரணிக்காரன் நான்கு பந்தையும் மட்டைக்கு எட்டாமலே போட்டு, விதிப்படி அவனைச் சும்மாவே முதல் தளத்துக்கு அனுப்பினான். கூட்டம் எழுந்து நின்று அவன் பெயரைக் கத்தியது.

டெஸ் பெல்ட்டைத் தொட்டான். நான் ஹெல்மெட்டைத் தொடவில்லை.

அதை அவன் கவனிக்கக்கூட இல்லை. நான் விடுவேனா மாட்டேனா என்று ஒரு பார்வை பார்த்திருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், விட்டிருப்பேன். அவன் பாட்டுக்கு ஓட ஆரம்பித்தான். பந்து இடுப்புயரத்தில் நட்டநடுவே வந்தது. இந்த வருஷம் பூராவும் நான் விட்ட பந்து அது. இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து வீசினேன்.

அடித்த கைக்குத் தெரிந்துவிட்டது. பந்து வேலியைத் தாண்டி, வண்டிகள் நிறுத்துமிடத்தையும் தாண்டிப் போனது. கூட்டத்தில் பாதி கைதட்டியது, பாதி ஐயோ என்றது. இனி டெஸ் திருட ஒன்றுமில்லை. என் ஹோம் ரன்னுக்கு எனக்கு முன்னால் சாவகாசமாகச் சுற்றி வர வேண்டியதுதான்.

தளங்களைச் சுற்றி முடித்து முதலில் வந்து சேர்ந்தவன் நின்று பின்னால் வருகிறவன் கையில் தட்டுவது வழக்கம். டெஸ் நின்றான், ஆனால் கையைத் தூக்கவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது.

"ஒரே ஒரு பந்துண்ணே. விட்டிருக்கக் கூடாதா?"

"ஒரே ஒரு வார்த்தடா. காலையில சொல்லியிருக்கக் கூடாதா?"

அதற்குள் பர்டெட் ஓடி வந்து என் முதுகில் அறைந்தார். "யோவ், இந்த அடி இத்தன மாசமா எங்கய்யா இருந்துச்சு?"

"இவனக் கேளுங்க கோச்," என்றேன்.

பர்டெட் டெஸ்ஸின் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். டெஸ் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்ட ஆரம்பித்தான்.