தோத்தாங்கோளி

...அப்படியானால் இன்றைக்குத் தோற்கவே கூடாது, தோற்றால் பரிதாபப்பட்டுத் தோற்கிறான் என்று மாட்டிக்கொள்வான், சரி, ஜெயித்தால் மட்டும் என்னவாம், இத்தனை வருஷம் தோற்ற புருஷன் திடீரென்று ஒரு மத்தியானம் வீரனாகிவிட்டால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் சந்தேகம் வராது, இதில் அவள் வேறு எதிர் நாற்காலியில் முதுகுக்குத் தலையணையைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டு, தன் எலும்புப் படையின் விரலளவு பிளாஸ்டிக் வீரர்களை ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து எடுத்துச் சாப்பாட்டு மேசையில் நிறுத்தியபடியே, "இன்னைக்கு விட்டுக்குடுக்காம ஆடணும், சொல்லிட்டேன்" என்கிறாள்... ஏன் சொன்னாள்? எப்போதும் சொல்வதுதான். இல்லை, எப்போதும் சொல்வதில்லை. சொல்வாளா? ஐயோ, காலை வரைக்கும் இந்த வீட்டில் யார் எதைச் சொன்னாலும் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் இருந்தது, உப்பு வேண்டும் என்றால் உப்புதான், தூக்கம் வருகிறது என்றால் தூக்கம்தான். இப்போது அவள் தும்மினால்கூட அதற்குள் என்ன இருக்கிறது என்று தேடத் தோன்றுகிறது. அவன் தன் கவசப் படையை எடுத்து வைத்தான். ஒருவனும் கவிழவில்லை. ஒருவனும் கவிழாததைப் பார்த்து அவனுக்கே தன்மேல் ஒரு வெறுப்பு வந்தது.

அவள் குளித்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான், தோளில் அவளுடைய ஈர நைட்டி, வாயில் ஒரு கிளிப், திரையில் டாக்டரின் பெயர். ஞாயிற்றுக்கிழமை டாக்டரே கூப்பிடுகிறார் என்றால் அது நல்ல சேதியாக இருக்காது என்று காதில் வைக்கும் முன்பே தெரிந்துவிட்டது. "புது ஸ்கேன் பாத்தேன். ஈரல் வரைக்கும் போயிடுச்சு. இனிமே மருந்து ஏத்தி அவங்கள வதைக்கிறதுல அர்த்தமில்ல. நாளைக்கு ரெண்டு பேரும் வாங்க, வலியில்லாம பாத்துக்கறது எப்படின்னு பேசுவோம். உங்ககிட்டயும் சொல்லிடலாம்னுதான் கூப்பிட்டேன்." சரிங்க டாக்டர், ரொம்ப நன்றி, என்றான். நன்றியாம்! எதற்கு நன்றி, முட்டாளே, எதற்கு? போனை வைத்துவிட்டு மிச்சத் துணியையும் உதறி உதறிக் காயப்போட்டான், ஒரு சாக்ஸுக்குக்கூடக் கிளிப் போட்டான், உள்ளே குளியலறையில் தண்ணீர் நின்றது, "ஏங்க, டவல்" என்றாள், கொண்டுபோய்க் கொடுத்தான். நாளைக்குத் தெரியட்டும். நாளைக்கு டாக்டர் வாயால் தெரியட்டும், இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவள் ஒன்றும் தெரியாமல் முழுசாக அனுபவிக்கட்டும், அது ஒன்றுதான் அவனால் கொடுக்க முடிந்தது. அது தப்பா? தப்பாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

"நீங்கதான் முதல்ல," என்றாள். அளவு நாடாவை இழுத்து முன்வரிசை வீரர்களை நகர்த்தினான்... ஆறு இஞ்ச், எல்லோரும் ஆறு இஞ்ச், குதிரைக்காரன் மட்டும் பன்னிரண்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான், அதுதானே பிழைப்பு. அவன் வேலை பார்க்கிற போர்விளையாட்டுக் கடையின் முன்பக்கம் கண்ணாடியோரமாக ஒரு சின்ன மேசை, அதன்மேல் எப்போதும் ஒரு ஸ்டார்ட்டர் செட், புதிதாக ஆடுகிறவர்களுக்கான பெட்டி, பிரித்து வைத்திருக்கும், இந்தப் பக்கம் கவசப் படை, அந்தப் பக்கம் எலும்புப் படை, நடுவில் இடிந்த கோபுரம் ஒன்று, உள்ளே வருகிறவர் யாரானாலும் "ஒரு ஆட்டம் போட்டுப் பாருங்க சார்" என்று உட்காரவைத்துத் தோற்க வேண்டும். தோற்பதுதான் வேலை. சும்மா தோற்பதில்லை, அது எந்த மடையனுக்கும் வரும், வந்தவர் தன் மூளையால் ஜெயித்தோம் என்று நம்புகிற மாதிரி, நெருக்கு நெருக்கென்று நெருக்கிவிட்டுக் கடைசியில் தோற்க வேண்டும். கடை முதலாளி முதல் நாளே சொல்லிக்கொடுத்தார், "கதவைத் தொறந்து வை, உள்ள வாங்கன்னு மட்டும் சொல்லாத." அதாவது தலைவனுக்குப் பக்கத்தில் நிற்கிற காவலை ஏதோ காரியமாகப் போகிறமாதிரி ஓரத்துக்கு நகர்த்து, நடுவில் ஒரு சந்து விடு, வந்தவர் கண்ணில் அது தானாகப் படட்டும், படும்வரைக்கும் நீ வேறெங்கோ பார்த்துக்கொண்டிரு. கடைக்கு வருகிற காலேஜ் பயல்களுக்கு இதெல்லாம் அத்துப்படி, அவன் முகத்துக்கு நேராகவே "தோத்தாங்கோளி அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்கள், அவனும் ஏண்டா என்பான். பெயர் நிலைத்துவிட்டது.

அவளும் அப்படி வந்து உட்கார்ந்தவள்தான். அண்ணன் பையனுக்குப் பரிசு வாங்க வந்திருந்தாள், "இந்தப் பொம்மை எல்லாம் எத்தனை வயசுப் பசங்களுக்கு?" என்று கேட்டாள், பொம்மை இல்லைங்க மினியேச்சர் என்று இவன் சொன்னதற்குச் சிரித்த சிரிப்பில் இவனே பாதி தோற்றுவிட்டான். மீதிப் பாதியை மேசையில் தோற்றான். பெட்டி அண்ணன் பையனுக்குப் போகவே இல்லை, அவளே வைத்துக்கொண்டாள், கத்தரித்து ஒட்டத் தெரியவில்லை என்று மறுநாளே பெட்டியோடு வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து கையையும் காலையும் கத்தரித்து எடுத்து ஒட்டும்போது எல்லோரும் ஒரு தப்பு செய்வார்கள், அவளும் செய்தாள், ஓர் எலும்புக்காரனுக்கு ரெண்டு பக்கமும் இடது கையையே ஒட்டிவிட்டாள். பிளேடால் நெம்பி எடுத்துவிடலாம் என்றான். "வேண்டாம், பாவம், அவன் பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள். அன்றிலிருந்து அந்த நொள்ளைக்கையன்தான் அவளுடைய ராணிக்கு மெய்க்காப்பாளன், எந்த ஆட்டமானாலும் ராணியின் வலப்பக்கம் அவன் நிற்பான், ராணி நகர்ந்தால் அவனும் நகர்வான், கல்யாணத்துக்கு அப்புறம் வீடு மாறினபோதுகூட அவனைத் தனியாகப் பஞ்சில் சுற்றித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன யோசனை? உருட்டுங்க." உருட்டினான். இரண்டு எலும்புகள் விழுந்தன. அவள் அவற்றை எடுத்து ஓரமாக வைத்தாள், விரல்கள் அவற்றைவிடக் கொஞ்சம்தான் பருமன். முன்னொரு நாள் அவளே சொல்லிச் சிரித்தாள், "நானும் என் ஆளுங்களும் இப்ப ஒரே ஜாடை, பாத்தீங்களா." இவனும் சிரித்துத் தொலைத்தான். சிரிக்காமல் வேறென்ன செய்வது, அவள் ஜோக்கடித்தால் சிரிக்க வேண்டும், அவள் அழுதால் அழக்கூடாது, இப்படி எத்தனை விதி, எந்தப் புத்தகத்திலும் எழுதியில்லை... இப்போது ஒன்றும் தெரியாதவன் எப்படி ஆடுவான்? அதுதான் கேள்வி, அதை மட்டும் யோசி. டாக்டர் கூப்பிடாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இதே மேசையில் இதே மனுஷன் குதிரைக்காரனை எங்கே கொண்டுபோவான்? கோபுரத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வீணாக்குவான். சரி, கொண்டுபோ. ரொம்ப வீணாகத் தெரிகிறதே. பாதி வழியில் நிறுத்து.

ஏனென்றால் அவளுக்குத் தெரிந்துவிடும். ஒரு தடவை கண்டுபிடித்திருக்கிறாள். கல்யாணமான புதிது, தொடர்ந்து அவளே ஜெயித்துக்கொண்டிருந்தாள், ஒருநாள் இவன் பகடையை உருட்டிவிட்டு வழக்கம்போல "அடடா" என்றான், கடைப் பழக்கம், தோற்றவன் கொஞ்சம் வருத்தப்பட்டால்தான் ஜெயித்தவருக்குச் சந்தோஷம். அவள் பகடையைப் பார்க்கவில்லை, இவனைப் பார்த்தாள். "டைஸ் இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு," என்றாள். "அது நிக்கிறதுக்குள்ள அடடான்னா என்ன அர்த்தம்?" இவன் ஏதோ உளறினான். "நான் என்ன உன் கஸ்டமரா?" நீங்க போய் நீ வந்துவிட்டது, அவள் வாயிலிருந்து அதுதான் முதல் நீ, அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. "எனக்கு ஜெயிக்கணும்னு இல்ல. என்கிட்டயாவது நெஜமா இரு." பெட்டியை மூடிப் பரண்மேல் போட்டுவிட்டாள். இவன் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்த பிறகுதான் அது கீழே இறங்கியது. அந்தச் சத்தியத்தை இவன் காப்பாற்றினானா? எங்கே! அதற்கப்புறம் இன்னும் கெட்டிக்காரத்தனமாகத் தோற்றான், அவ்வளவுதான், அடடா வருகிற இடத்தில் நாக்கைப் பல்லுக்கிடையில் பிடித்துக்கொண்டான். அவள் சிரிக்கிறாளே, அது போதாதா? போதும் என்றுதான் நினைத்தான். தலையில் கை வைத்தது அதற்குப் பிறகு அடிக்கடி நினைவுக்கு வரும், முக்கியமாக அந்தத் தலையில் முடி கொட்டத் தொடங்கிய பிறகு.

அவள் முறை. யோசித்து யோசித்து நகர்த்தினாள். நகர்த்துவதற்கே மூச்சு வாங்கியது, எழுந்துபோய் உதவலாமா, வேண்டாம், உதவினால் திட்டுவாள். இன்றைக்கு அவள் ஆட்டம் சரியில்லை. வில்லாளிகளைக் குதிரைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறாள், யாராவது நிறுத்துவார்களா? மாத்திரை மயக்கம். நேற்றுக்கூடக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே தேடினாள். இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகுமோ, முதலில் வில்லாளிகள், அப்புறம் கண்ணாடி, அப்புறம் இவன் முகம்... நிறுத்து. ஆட்டத்தைப் பார். ஆனால் மனம் ஆட்டத்தில் நிற்கவில்லை, கடைக்குப் போய்விட்டது, கடையில் சில பேர் வருவார்கள், பழைய பெட்டியைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், திறந்து பார்த்தால் ஒரே ஒரு படைதான் இருக்கும், பாதிப் பெட்டி. இன்னொரு பாதி எங்கே சார் என்று இவன் ஒருநாளும் கேட்டதில்லை. போன மழைக்காலத்தில் ஒரு பெரியவர் கொண்டுவந்தார், எல்லாவற்றுக்கும் அழகாக வண்ணம் அடித்திருந்தது, கண்ணுக்குக்கூடப் புள்ளி வைத்திருந்தது, "ஆடறதுக்கு ஆள் இல்ல தம்பி" என்றார், இவன் என்ன செய்தான், முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் பிளாஸ்டிக் பையில் போட்டு அலமாரியில் தள்ளினான். இத்தனை வருஷமாக எல்லோரிடமும் ஒப்பிக்கிறானே, இந்தப் பெட்டியிலேயே எல்லாம் இருக்குங்க, ரெண்டு படை, பகடை, அளவு நாடா, விதிப் புத்தகம், நீங்க வெளியில எதையும் வாங்க வேண்டியதில்ல... ஆள் உள்ளே இருக்காதே. அதை எவனாவது சொல்கிறானா?

"உங்க முறைங்க. தூங்கிட்டீங்களா?" இல்லையே என்றான். மேசையைப் பார்த்தான். பார்த்ததும் கை அளவு நாடாவுக்குப் போனது, போய் அப்படியே நின்றது. ராணி தனியாக நிற்கிறாள். வில்லாளிகள் குதிரையை நோக்கிப் போய்விட்டார்கள், ஈட்டிக்காரர்கள் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள், ஏதோ காரியமாகப் போகிறமாதிரிதான் போகிறார்கள், நடுவில் சந்து, நேராக, சுத்தமாக, இவனுடைய தளபதிக்கும் ராணிக்கும் இடையில் தடுக்க ஒரு பிள்ளை இல்லை. பாய்வதற்கு எட்டு இஞ்ச், பாய்ச்சலுக்கு மட்டும் தூரத்தைப் பகடைதான் சொல்லும், இரண்டு பகடையிலும் சேர்த்து எட்டு வந்தால் ராணி விழுவாள், ஆட்டம் முடிந்தது. மாத்திரை மயக்கம்தான், பாவம், கவனிக்கவில்லை, சொல்லிவிடலாமா... நொள்ளைக்கையன் எங்கே? ராணியின் வலப்பக்கம் காலி. தேடினான். மேசையின் அந்தக் கடைசியில், தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில், ஒரு வேலையும் இல்லாத மூலையில் ரெண்டு இடது கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறான். அவனை அவள் ஒருநாளும் ராணியைவிட்டு நகர்த்தியதில்லை. காய்ச்சலில் ஆடியபோதுகூட நகர்த்தியதில்லை. மறதியில் ஒருத்தி எதையெல்லாமோ மறப்பாள், இதை மறக்கமாட்டாள், இதை நகர்த்த வேண்டுமென்றால் கையை நீட்டி, வலியோடு எட்டி, வேண்டுமென்றே நகர்த்த வேண்டும்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம், கொடியில் காய்கிற துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள், இவன் கண்ணில் தானாகப் படட்டும் என்று. கதவைத் திறந்து வைத்திருக்கிறாள். யார் சொல்லிக்கொடுத்தது இதை அவளுக்கு? யார் சொல்லிக்கொடுக்க வேண்டும், இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து பார்த்தவளுக்கு? அப்படியானால் எல்லாம் தெரியும், ஒவ்வொரு தோல்வியும் தெரியும், பல்லுக்கிடையில் பிடித்த நாக்கும் தெரியும். தெரிந்தேதான் சிரித்திருக்கிறாள். அது இருக்கட்டும், இன்றைக்கு ஏன்? இன்றைக்கு எதற்காக இவனை ஜெயிக்கவைக்கப் பார்க்கிறாள்... உங்ககிட்டயும் சொல்லிடலாம்னுதான் கூப்பிட்டேன். உங்ககிட்டயும். காதுக்குள் டாக்டரின் குரல் மறுபடி அதே மாதிரி சொன்னது, உங்ககிட்ட இல்லை, உங்ககிட்டயும். அந்த ஓர் உம்மை, ஈரத் துணியும் கையுமாக நின்றவன் காதில் விழுந்தும் விழாமல் போன உம்மை, இப்போது வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. எப்போது கூப்பிட்டிருப்பார் அவளை? இவன் பால் வாங்கப் போயிருந்தபோதா? அதற்கப்புறம்தானே குளிக்கப் போனாள், அதற்கப்புறம்தானே டவல் கேட்டாள், சாதாரணமாக, டவல். அதற்கப்புறம்தானே பெட்டியை எடுத்து வைத்து விட்டுக்கொடுக்காமல் ஆடச் சொன்னாள். இந்த ஞாயிற்றுக்கிழமையை அவளுக்குக் கொடுப்பதாக இவன் நினைத்துக்கொண்டிருக்க, மகாராணி அதை இவனுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். ஒன்றும் தெரியாத புருஷன் ஒரு தடவையாவது ஜெயித்துவிட்டுப் போகட்டும் என்று.

கேட்டுவிடலாமா? டாக்டர் கூப்பிட்டாரா என்று கேட்டால் முடிந்தது, அப்புறம் ரெண்டு பேரும் அழலாம், நிஜமாக இருக்கலாம், நிஜமா இரு என்றுதானே சொன்னாள். ஆனால் கேட்டால் அவள் திறந்து வைத்த கதவு சாத்திக்கொள்ளும். கேட்காமல் பாய்ந்தால் இவன் நல்ல கஸ்டமர். கண்டும் காணாமல் குதிரையை நகர்த்தினால் பழைய தோத்தாங்கோளி. மூன்றில் எது நிஜம்? எந்தப் பக்கம் நகர்ந்தாலும் யாரோ ஒருவர் பொய்யாக ஆடுகிறார்கள், அது ஒன்றுதான் தெளிவாகத் தெரிந்தது.

"அளந்து பாக்கலையா?" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடியே.

"எட்டு," என்றான். குரல் பிசிறியதை இருமலாக மாற்றப் பார்த்தான்.

"உருட்டு," என்றாள்.

நீ வந்துவிட்டது. கோபமாக வரவில்லை. இரண்டு பகடைகளையும் எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டான், எட்டு வர வேண்டும் என்று வேண்டுகிறானா வரக்கூடாது என்று வேண்டுகிறானா, அவனுக்கே தெரியவில்லை, கையை விரித்துவிட்டான். ஒன்று ராணியைத் தாண்டி ஓடி விதிப் புத்தகத்தில் மோதித் திரும்பியது, மற்றது நடு மேசையில் ஒரு முனையில் நின்று சுற்றியது.

"அடடா," என்றாள் அவள்.

பகடை இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.