மேலே போட்டுக் காட்டுங்க

காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. புடவையை வெள்ளை மெத்தையில் விரித்துக் காட்டினால் மட்டும் கல்யாண வீட்டுப் பெண்களுக்குத் திருப்தி வராது. “மேலே போட்டுக் காட்டுங்க” என்பார்கள். உடனே மீசை வைத்த விற்பனையாள் எழுந்து நின்று, சட்டை பேன்ட்டுக்கு மேலேயே கொசுவம் வைத்துச் செருகி, முந்தானையைத் தோளில் போட்டு, கல்யாணப் பெண்ணைப் போல இப்படியும் அப்படியும் திரும்பிக் காட்ட வேண்டும். யாரும் சிரிக்க மாட்டார்கள். அது தொழில்.

இந்தத் தொழிலில் மணிவண்ணனை அடித்துக்கொள்ள காந்தி ரோட்டில் ஆள் கிடையாது. நல்ல உயரம், நல்ல கறுப்பு. அரக்கு நிறமோ மாம்பழ நிறமோ, அவன் தோளில் ஏறினால் தனிக் களை வந்துவிடும். அவன் போட்டுக் காட்டிய புடவை அலமாரிக்குத் திரும்பாது என்று முதலாளி கோதண்டபாணியே சொல்வார். அவர் வாயிலிருந்து பாராட்டு வருவது குதிரைக் கொம்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் அது வந்தது. முழங்கையில் காசு அளவுக்கு ஒரு சிவப்பு, அதன் மேல் வெள்ளைச் செதில். அடுத்த தீபாவளிக்குள் முழங்கால், முதுகு, தலை, விரல் முட்டி என்று ஊர்ந்துவிட்டது. டாக்டர் சொரியாசிஸ் என்றார். ஒட்டாது, உயிருக்கு ஆபத்தில்லை, அடக்கி வைக்கலாம், அடியோடு போகாது என்றார். உயிரை எடுக்காது என்றவர், மானத்தை எடுக்கும் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்.

ஒரு நாள் கிளிப்பச்சைப் புடவை ஒன்றைப் போட்டுக் காட்டிவிட்டுக் கழற்றினான். பட்டின் மேல் பொடிப் பொடியாக வெள்ளைச் செதில். வாங்க வந்த அம்மாள் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “இன்னாபா கையில?” என்று கேட்டதற்கு, “சுடுதண்ணி பட்டுக்கிச்சும்மா” என்று பொய் சொன்னான் மணிவண்ணன். பொய் நிற்கவில்லை.

மறுநாள் முதலாளி, “கொஞ்ச நாள் மாடியில இருப்பா. உன் நல்லதுக்குத்தான்” என்றார். சம்பளத்தில் கை வைக்கவில்லை. அந்த மட்டுக்கும் நல்ல மனிதர்தான். ஆனால் அந்தக் கொஞ்ச நாள் ஒன்பது வருஷமாகிவிட்டது. மாடியில் புடவை மடிப்பது, பெட்டியில் போடுவது, கேட்ட நிறத்தைக் கீழே அனுப்புவது, இவ்வளவுதான் வேலை. அவன் அனுப்பிய புடவையைக் கீழே கமல் என்ற பையன் போட்டுக் காட்டுவான். கமலுக்குக் கொசுவம் நிற்காது. மாடியில் இருந்துகொண்டே மணிவண்ணனுக்குக் கை பரபரக்கும்.

இதற்கிடையில் ஊரே வைத்தியராகிவிட்டது. கத்திரிக்காயை நிறுத்து என்றார் ஒருவர். கருவாட்டை மோந்துகூடப் பார்க்காதே என்றார் இன்னொருவர். பக்கத்து வீட்டு எல்லம்மாள் ஏதோ இலை ஊறவைத்த எண்ணெய் ஒன்றைக் கொண்டுவந்து தினம் தேய்க்கச் சொன்னாள். வியாதிக்காரன் நாக்கைக் கட்டுவதில் உலகத்துக்கு அப்படி என்னதான் சந்தோஷமோ! டாக்டர் தந்த களிம்பும் மாத்திரையும் கொஞ்சம் கேட்டன, பிறகு கேட்கவில்லை. சாண் ஏறினால் முழம் சறுக்கியது. சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை. ராத்திரி சொறிந்து சொறிந்து ரத்தம். காலையில் மனைவி கிரேஸ் படுக்கையை உதறினால், அரிசி மாவு சிந்தியதுபோல வாசலெல்லாம் செதில். அவள் ஒரு வார்த்தை சொல்லாமல் பெருக்குவாள். அவள் சொல்லாததுதான் அவனுக்கு வலிக்கும்.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் புது ஊசி ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவனை இழுத்துக்கொண்டு போனவளும் கிரேஸ்தான். அங்கே டாக்டர் கிருஷ்ணவேணி ஒளிவு மறைவில்லாமல் விளக்கினார்.

“முதல் பாதியில சில பேருக்கு மருந்து, சில பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. ரெண்டாவது பாதியில எல்லாருக்கும் மருந்து. குணமாகும்னு நான் சத்தியம் பண்ண முடியாது. எப்ப வேணும்னாலும் நீங்க விலகிக்கலாம்.”

ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், ஊசி ஆரம்பித்தது. அவ்வளவுதான், வீட்டில் திருவிழா. “இங்க பாருங்க, சிவப்பு மங்கிக்கினு வருது” என்றாள் கிரேஸ். எல்லம்மாளும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்து, “ஆமா, நல்லாவே கொறஞ்சிக்கினு இருக்குது” என்றாள். கிரேஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து நின்று, ஆண்டவர் குணமாக்கிவிட்டார் என்று சாட்சியே சொல்லிவிட்டாள்.

முதல் பாதி முடிந்தது. யாருக்கு எது என்று எழுதி ஒட்டி வைத்திருந்த உறையைப் பிரித்துப் பார்த்து, மணிவண்ணனுக்கு இத்தனை நாளும் ஏறியது உப்புத் தண்ணி என்று டாக்டர் சொன்னார்.

மணிவண்ணன் வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். அழுகை வந்தது. மறைக்கவும் தோன்றவில்லை. “போதும் கிரேஸு. மாடியே என் தலையெழுத்து. ஊருக்குப் போலாம் வா” என்றான்.

கிரேஸுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! “உப்புத் தண்ணிக்கே நான் சாட்சி சொல்லிட்டு வந்து நிக்கிறேன். இப்பதான் நெஜ மருந்து வரப்போவுது. இந்த நேரத்துல ஓடிட்டா ஆண்டவருகிட்ட நான் பொய்க்காரி ஆயிடுவேன்! எழுந்திருங்க மொதல்ல.”

எழுந்தான். வேறு வழி? ஆண்டவரைச் சமாளிக்கலாம், கிரேஸைச் சமாளிக்க முடியாது.

நிஜ மருந்து சத்தம் போடாமல் வேலை செய்தது. இந்தத் தடவை வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. சூடு கண்ட பூனைகள். முதலில் அரிப்பு நின்றது. பிறகு முதுகு தெளிந்தது, விரல்கள் தெளிந்தன. ஒரு நாள் காலையில் கிரேஸ் படுக்கை விரிப்பை வாசலில் உதறினாள். ஒன்றும் விழவில்லை. இன்னொரு தடவை உதறினாள். ஒன்றும் இல்லை. அந்த விரிப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவிலேயே நின்று அழுதாள். எல்லம்மாள் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். விஷயம் தெரிந்ததும் அவளும் சேர்ந்து அழுதாள்.

முழங்கையில் மட்டும் இரண்டு திட்டு அசையாமல் இருந்தது. அதுவும் போகலாம், போகாமலும் இருக்கலாம், ஊசியைத் தொடர வேண்டும் என்றார் டாக்டர். மணிவண்ணன் நேரே முதலாளியிடம் போய் இரண்டு கையையும் நீட்டினான். “மறுபடி மெத்தைக்கு வரேன் முதலாளி.”

கோதண்டபாணி விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழங்கையையும் பார்த்தார். “சீசன் முடியட்டும்பா. யாராச்சும் பாத்து ஒரு வார்த்த சொல்லிட்டா, அப்புறம் நான் உன்னைக் கூப்புடவே முடியாது.” பூசி மெழுகிய பதில். ஆனாலும் உள்ளதைத்தான் சொன்னார், மணிவண்ணனுக்கும் அது தெரியும்.

ஆவணியில் ஒரு பெரிய முகூர்த்தம் வந்தது. கடையில் நிற்க இடமில்லை. அன்றைக்குப் பார்த்துக் கமலுக்குக் காய்ச்சல். செய்யாற்றிலிருந்து மகள் மஹாலட்சுமியோடு வந்திருந்த கமலவேணி அம்மாளோ லேசுப்பட்ட ஆள் இல்லை. நாலு கடை ஏறி இறங்கி, இங்கேயும் மலைபோலப் புடவையைக் குவிக்கவைத்து, எல்லாவற்றையும் உதட்டைப் பிதுக்கித் தள்ளிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். முதலாளி மாடிக்குப் போன் போட்டார்.

“மணி, எறங்கி வா. கைப் பட்டனைப் போட்டுக்கினு வா.”

படியிறங்கும்போது கைப் பட்டனை இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான். மெத்தையில் கால் வைத்ததும் பயம் எங்கே போனதோ தெரியவில்லை. குவியலுக்குள் கையை விட்டு, பச்சைக் கரை வைத்த மாம்பழ நிறத்தை உருவினான். அதை அந்த அம்மாள் முன்பே தள்ளியிருந்தார். அவன் எழுந்து, நாலு விரலில் கொசுவம் வைத்து, ஒரே செருகலில் நிறுத்தி, முந்தானையை வீசித் தோளில் போட்டான். கமலவேணி அம்மாள் மறுபடி உட்கார்ந்தார்.

வீசிய வேகத்தில் கைப் பட்டன் தெறித்துவிட்டது. சட்டைக் கை சரிந்து முழங்கை வெளியே வந்தது. பக்கத்தில் வேறு புடவை பார்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, “ஐயே, இன்னாது அது கையில?” என்று உரக்கக் கேட்டாள். அந்தப் பக்கமே திரும்பிப் பார்த்தது. கல்லாவில் கோதண்டபாணி எழுந்து நின்றுவிட்டார்.

சுடுதண்ணி என்று சொல்ல மணிவண்ணனுக்கு வாய் வரவில்லை. வரவும் வேண்டாம் என்று இருந்தது.

“சொரியாசிஸ்மா. தோல் வியாதி. தொட்டா ஒட்டாது, பொடவையிலயும் ஒட்டாது. ஒடம்பு பூரா இருந்துது. புது ஊசி போட்டுக்கினு இருக்கேன், இவ்ளோதான் பாக்கி இருக்குது.”

ஒன்பது வருஷமாகப் பயந்து பயந்து பதுக்கிய விஷயம், ஒரு மூச்சில் சொல்லி முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று அவனுக்கே ஆச்சரியம்.

கமலவேணி அம்மாள் அவன் முழங்கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். “ஒட்டாதில்ல? அப்போ அத்த விடுங்க. இந்த லைட்டுல எனக்கு நம்பிக்கையே இல்ல. வெளிய வெயில்ல போய் நின்னு காட்டுங்கபா. ஜரிகை எப்படி அடிக்குதுன்னு பாக்கணும்.”

யாரோ சிரித்தார்கள். மணிவண்ணனும் சிரித்தான். சட்டைக் கையை இழுத்துவிடவில்லை. புடவையோடு நடந்து கடை வாசல் படியில் போய் நின்றான். காந்தி ரோட்டின் அத்தனை வெயிலும் அவன் மேல் விழுந்தது. மாம்பழ நிறம் தகதகவென்று எரிந்தது. ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திப் பார்த்தார். எதிர்க் கடை விற்பனையாட்கள், “மணி அண்ணன்டா! மணி அண்ணன் எறங்கிட்டாருடா!” என்று கத்தினார்கள். அவன் இப்படித் திரும்பினான், அப்படித் திரும்பினான், கையை உயர்த்தி முந்தானையை முழுசாக விரித்துக் காட்டினான். இத்தனை பேர் தன் உடம்பைப் பார்க்க, ஒரு துளி வெட்கம் வரவில்லை.

“அம்மா, இதுதான். வேற எதையும் பாக்க வேணாம்” என்றாள் மஹாலட்சுமி.

அம்மாள் அதோடு விடவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு, அக்காவுக்கு, இரண்டு சித்திகளுக்கு என்று ஒவ்வொன்றாக மணிவண்ணன் தோளில் ஏற்றிப் பார்த்துத்தான் எழுந்தார். முழங்கையைப் பற்றிக் கேட்ட அந்தப் பெண்ணும், “அண்ணா, எனக்கும் இத்த கொஞ்சம் மேல போட்டுக் காட்டுறீங்களா?” என்று கத்திரிப்பூ நிறத்தை நீட்டினாள். போட்டுக் காட்டினான்.

கடை அடங்கியதும் கோதண்டபாணி வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “மணி, நாளையிலேருந்து கீழயே இருக்கியா?”

ஒன்பது வருஷமாகக் காத்திருந்த கேள்வி. மணிவண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“நாளைக்கு முடியாது முதலாளி. எனக்கு ஊசி இருக்குது, சென்னைக்குப் போவணும். நாளன்னைக்கு வரேன்” என்றான். “அரைக்கை சட்டையிலதான் வருவேன்.”