மிஞ்சிய எண்ணெய்

குகன் காலையில் எழுந்து பல் துலக்குவான். ஸ்டவ்வைப் பற்றவைத்து இட்லி ஊற்றுவான். வெந்ததும் மூடியைத் திறந்துவிட்டு, கூரையில் போய் ஒட்டிக்கொண்ட இட்லிகளை ஒட்டடைக் குச்சியால் இறக்கித் தின்பான். பிறகு கொஞ்ச நேரம் நின்று பார்ப்பான். கால் தரையில்தான் இருக்கும்.

அந்த ஸ்டவ்வில் எரிவது விமான எண்ணெய். வேலம்பாளையத்தில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, நிலக்கரியையும் பனியன் கம்பெனிகளின் கழிவுப் பஞ்சையும் வாட்டி, வரும் வாயுவை எண்ணெயாக்கினான். கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். 2008இல் உலகமெங்கும் எண்ணெய் விலை ஏறியதால் முதல் போடவும் ஆள் கிடைத்தது. வானத்துக் குளிரைத் தாங்குமா என்று ஐஸ் கம்பெனியின் குளிர் அறையில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தான், எண்ணெய் உறையவில்லை. ரேஷனில் மண்ணெண்ணெய் வராத மாதம், சோதனையில் மிஞ்சியதை வீட்டு ஸ்டவ்வில் ஊற்றினான். அவனுக்குக் கொட்டகையிலேயே மெஸ் சாப்பாடு. வீட்டில் சமைத்ததைச் சாப்பிட்டவள் அவன் மனைவி ஆஷா மட்டும். அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து பிழைக்க வந்த கிறிஸ்தவக் குடும்பம் அவளுடையது; பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை.

வைகாசியில் இட்லி எழும்பியது. ஆனியில் ஆஷா எழும்பினாள், ஒரு முழம். பனியன் துணி முறுக்கிய கயிற்றை இடுப்பில் கட்டி மறுமுனையை ஆட்டுக்கல்லில் முடிந்துகொண்டு சமைத்தாள், துவைத்தாள். கம்பெனிக்குப் பையில் இரண்டு செங்கல் கொண்டுபோனாள். ஃபேனுக்கு அடியில் உட்கார வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொன்னதோடு சரி.

பக்கத்து வீட்டுப் பழனாத்தாள்தான் மதில்மேல் எட்டிப் பார்த்து, "ஏங்கண்ணு குகா, பொண்டாட்டியப் பட்டமாட்டக் கட்டி உட்டிருக்கறயே, நூலு பத்துமா?" என்றாள்.

"திருப்பூர்ல நூலுக்கா பஞ்சம்? காத்துதான்க்கா பத்தல" என்றாள் ஆஷா.

தெருவே சிரித்தது. குகனுக்குக் காது சுட்டது. ஸ்டவ் எண்ணெயை மாற்றியிருக்கலாம். மாற்றினால் எண்ணெயில் குறை என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று விட்டுவிட்டான்.

ஆடியில் எண்ணெயைப் பார்க்கப் பெங்களூரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வீட்டைத் தாண்டித்தான் கொட்டகைக்குப் போக வேண்டும். கட்டிப்போட்ட பெண்டாட்டி அவர்கள் கண்ணில் படக் கூடாது. குகன் கயிற்றை அவிழ்த்து ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் ஒளித்தான். கொட்டகையில் சோதனை இன்ஜின் ஓடத் தொடங்கியது. வந்தவர்களுக்குக் காபி கொடுக்க ஆஷா இரண்டு கையாலும் தட்டை ஏந்திக்கொண்டு பின்வாசலைத் தாண்டினாள். ஆடிக் காற்று அடித்தது. தட்டு மட்டும் கீழே வந்தது.

இன்ஜின் சத்தத்தில் அவர்கள் கவனிக்கவில்லை. குகன் கொட்டகைக் கதவிடுக்கில் பார்த்தான். அளவுமானியின் முள் நிலைக்கும்வரை அவன் வெளியே வரவில்லை.

எண்ணெய் தேறியது. பாதிரியார் ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெறும் பெட்டிக்கு ஜெபம் சொல்லி அடக்கம் செய்தார். வெயில் நாட்களில் பிற்பகலில் அவள் நிழல் மொட்டை மாடிகள் மேல் போகிறது. துணி காய்வதில்லை என்று பழனாத்தாள் கொடியைத் தள்ளிக் கட்டிக்கொண்டாள்.

கடைசியாக மகள் என்ன சொன்னாள் என்று ஆஷாவின் அம்மா விஜயராணி கேட்டபோது, போய்ட்டு வரேன்னு சொன்னா என்றான் குகன். அவள் அப்படிச் சொல்லவில்லை. அவன் முடிச்சை அவிழ்க்கத் தோதாகக் கையைத் தூக்கிக்கொண்டு, வாசல் பக்கம் பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள்:

"அவுக போனதும் திரும்பக் கட்டி விட்ருவீகள்ல?"