இருபத்தைந்துக்கும் கண் திறக்காதவர்

என் மாமா வைத்தியலிங்கம் கண்ணை மூடினால் எதிராளி தானாக இறங்கி வருவார். வில்லியனூரில் தேங்காய் மண்டி வைத்திருப்பவர். என் அக்கா வள்ளியம்மையின் கணவர். பேரம் சூடு பிடிக்கிற நேரத்தில் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். லேசாகக் குறட்டைகூட விடுவார். இந்த ஆளுக்கு நம் தோப்பின் மேல் ஆசையே இல்லையோ என்று தோப்புக்காரருக்கு ஒரு பயம் வந்துவிடும். அந்தப் பயத்தை வைத்துத்தான் எங்கள் குடும்பம் இரண்டு மாடி கட்டியிருக்கிறது.

பக்கத்தில் உட்கார்ந்து கவலைப்படுவது என் வேலை. வேட்டி மறைவில் மாமாவின் கால் என் கால்மேல் இருக்கும். ஒரு மிதி என்றால் 'இன்னும் இழு'. இரண்டு மிதி என்றால் 'முடி'. இது எங்கள் இருவரையும் தவிர ஈ எறும்புக்கும் தெரியாது.

அன்றைக்கு சோரியாங்குப்பத்தில் குழந்தைவேலின் தோப்பில் பேரம். காய் விலை முன்பே முடிந்துவிட்டது. மிச்சமிருந்தது லாபக்காய், அதாவது நூறு காய் எண்ணிப் போட்ட பிறகு வியாபாரிக்கு இனாமாகச் சேர்த்துப் போடுகிற காய். குழந்தைவேல் ஐந்து என்றார். மோட்டார் கொட்டகை வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில், காலை எட்டு நாற்பதுக்கு மாமா கண்ணை மூடினார்.

"இன்னாபா சுரேசு, உங்க மாமா தூங்கிட்டாரு?"

"நல்லாத்தாண்ணா வந்தாரு. அஞ்சுன்னு நீங்க சொன்னதும் அசதியாயிடுச்சு."

"சரி, ஏழு போட்டுக்கச் சொல்லு. இரு, வூட்ல ஒரு வார்த்த கேட்டுக்கறேன்."

தோப்பு அவர் மனைவி ஆண்டாளின் பெயரில் இருந்தது. லாபக்காயை ஒவ்வொரு முறை கூட்டுவதற்கு முன்னும் குழந்தைவேல் வாய்க்கால் ஓரமாக நடந்துபோய் போனில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார். ஏழுக்கு ஒரு மிதி விழுந்தது. ஒன்பதுக்கு ஒன்று. பன்னிரண்டுக்கு விழுந்தது நல்ல அழுத்தமான மிதி, சுண்டுவிரல் நசுங்கியது.

பதினைந்து என்றார். மிதி இல்லை. மிதிக்கக்கூட மெனக்கெடவில்லையே, என்ன நெஞ்சழுத்தம் என்று நான் உள்ளுக்குள் கைதட்டினேன். இருபது என்றார். அதற்கும் இல்லை. குழந்தைவேலுக்கு வேர்த்துக் கொட்டியது.

"இருபத்தஞ்சு. இதுக்கு மேலன்னா மரத்த வெட்டித்தான் குடுக்கணும்."

பாகூர் வட்டாரத்தில் பதினைந்துக்கு மேல் வாங்கிய வியாபாரி இதுவரை கிடையாது. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஒரு விநாடிதான். அடுத்த விநாடி மாமாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். இருபத்தைந்து காய்க்குக் கண் திறக்காத வைத்தியலிங்கம் உலகத்தில் இல்லை. செத்துக் கிடந்தாலும் எழுந்து 'சரி' சொல்லிவிட்டுத்தான் திரும்பப் படுப்பார்.

உலுக்கினேன். முனகினார். கண் திறக்கவில்லை.

"நடிக்கவேணாம்னு சொல்லுய்யா," என்றார் குழந்தைவேல்.

"நடிக்கலண்ணா. வண்டிய எடுக்கணும்."

குட்டியானை வண்டியில் காலிச் சாக்குகளை விரித்து மாமாவைப் படுக்கவைத்தோம். பேரத்தில் எதிரே உட்கார்ந்திருந்த குழந்தைவேல்தான் இப்போது பின்னால் ஏறி மாமாவின் தலையை மடியில் தாங்கிக்கொண்டார். நான் ஓட்டிய ஓட்டத்தில் பாகூர் ஏரிக்கரையில் கோழிகள் பறந்தன. வழியில் ஒரு கிளினிக். அங்கிருந்தவர் எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். சோரியாங்குப்பம் என்றேன். எல்லையோர ஊர், வரிசையாகச் சாராயக் கடை. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"மோர் குடுத்துப் படுக்க வையிங்க. மத்தியானம் தெளிஞ்சுடும்."

"சார், இவரு டீ, காபி தவிர எதுவும் தொடமாட்டாரு."

"எல்லாரும் அதான் சொல்றாங்க."

முகம் கோணவில்லை, கைகால் விழவில்லை. பக்கவாதம் என்று யாருக்கும் தோன்றாத பக்கவாதம் அது. அங்கே சர்க்கரை பார்த்து, வாயை மோந்து பார்த்து, முக்கால் மணி நேரம் போய்விட்டது. புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று நாற்பது. அக்கா அதற்குள் வில்லியனூரிலிருந்து ஆட்டோவில் வந்து வாசலில் நின்றாள். முதல் ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள்.

அர்ச்சனா என்ற இளம் டாக்டர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. மாமாவின் இமைகளை விரலால் தூக்கிப் பிடித்து, தலையை மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். இரண்டு கருவிழியும் ஒரே மட்டத்தில் இல்லை. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

"இது தூக்கம் இல்ல. எம்.ஆர்.ஐ. எடுக்கணும், இப்பவே."

ஒன்றேகாலுக்கு அந்தப் படத்தோடு வந்தார். வேகமாகப் பேசினார்.

"மூளைக்கு நடுவுல தாலமஸ்னு ஒண்ணு இருக்கு, வலது பக்கம் ஒண்ணு, இடது பக்கம் ஒண்ணு. முழிப்பு, ஞாபகம் எல்லாம் அது வழியாத்தான். பொதுவா ரெண்டுக்கும் தனித்தனி ரத்தக்குழாய். சில பேருக்கு மட்டும் ஒரே குழாய் ரெண்டா பிரிஞ்சு போகும். அது அடைச்சா ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல போயிடும். ரொம்ப அபூர்வம். உங்களவருக்கு அதான்."

"ஒரே மடையில ரெண்டு கழனி," என்றார் குழந்தைவேல்.

"அதேதான். அடைச்ச ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி இருக்கு. ஆனா ஆரம்பிச்சு நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். எட்டு நாப்பதுக்குக் கண்ண மூடினாருன்னு எழுதியிருக்கு. அப்படின்னா ஒண்ணு பத்தோட முடிஞ்சுபோச்சு."

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மேடம், எட்டு நாப்பதுக்கு மூடினது நடிப்பு," என்றேன்.

"என்னது?"

"பேரத்துல மாமா தூங்குற மாதிரி நடிப்பாரு. நெஜமா தூங்கினது அப்புறம்."

"எப்போ? கடைசியா அவர் நினைவோட இருந்த நேரம் எனக்கு வேணும். உத்தேசமா சொன்னா ஊசி போடமாட்டேன். நேரம் தாண்டிப் போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சுடும்."

குழந்தைவேல் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். தொழில் ரகசியத்தை எதிராளி முன்னால் அவிழ்ப்பதைவிட வேட்டியை அவிழ்ப்பது சுலபம். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவிழ்த்துவிட்டேன்.

"என் காலை மிதிப்பாரு மேடம். ஏழுக்கு மிதிச்சாரு, ஒம்போதுக்கு மிதிச்சாரு, பன்னெண்டுக்கு மிதிச்சாரு. பதினஞ்சுக்கு மிதிக்கல."

"அடப்பாவி," என்றார் குழந்தைவேல். "நான் வேர்த்துக் கொட்டிக்கினு நிக்கறேன், கீழ நீங்க கால்ல தந்தி அடிச்சிக்கினு இருந்தீங்களா?"

"அண்ணா, திட்டுறத அப்புறம் வெச்சிக்கலாம். பன்னெண்டு சொன்னது எத்தன மணிக்கு?"

"எனக்கு எப்டிபா தெரியும்?" என்றவர் சட்டென்று நிறுத்தி, பையிலிருந்து போனை எடுத்தார். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் ஆண்டாளுக்குப் பேசியது அதில் வரிசையாக இருந்தது. விரலை வைத்து எண்ணினார். "இது ஏழுக்கு. இது ஒம்போதுக்கு. இது பன்னெண்டுக்கு, ஒம்போது முப்பத்தி மூணு. ரெண்டு நிமிஷம் பேசியிருக்கேன்."

"பேசி முடிச்சு வந்து சொன்னதுக்கு அப்புறம்தான் மிதிச்சாரா?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

"ஆமா மேடம். சுண்டுவிரலக் காட்டட்டுமா?"

"அப்ப ஒம்போது முப்பத்தஞ்சு வரைக்கும் முழிச்சிருந்தாரு. ரெண்டு அஞ்சு வரைக்கும் நேரம் இருக்கு." சொல்லிக்கொண்டே ஓடினார்.

அக்கா கையெழுத்துப் போட்டாள். ஒன்று நாற்பத்தெட்டுக்கு ஊசி ஏறியது. நாங்கள் மூவரும் வராந்தாவில் காத்து நின்றோம்.

"சுரேசு," என்றார் குழந்தைவேல், "இருபத்தஞ்சு செல்லாது. பன்னெண்டுலதான் அவரு முழிச்சிருந்தாரு. பேரம் பன்னெண்டு."

அழுதுகொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். "பதினஞ்சுண்ணா. அவர் முழிச்சிருந்தா அதுக்குக் கொறஞ்சு விட்டிருக்கமாட்டாரு."

சாயங்காலம் ஐந்தரைக்கு மாமா கண் திறந்தார். அக்காவைப் பார்த்து, "வள்ளி, பஸ் வந்துடுச்சா?" என்றார். மறுநாள் எங்கே இருக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டதற்கு, பனித்திட்டுக் கடற்கரையில் மீன் வாங்க வந்திருப்பதாகச் சொன்னார். மாமா மீன் சாப்பிடமாட்டார்.

"பயப்படாதீங்க," என்றார் அர்ச்சனா. "காணாமப் போன ஞாபகத்தை மூளை கையில கிடைச்சதை வெச்சு ஒட்டுப்போடுது. சீக்கிரம் முழிச்சவங்க பெரும்பாலும் நல்லா தேறிடுறாங்க. ஞாபகம் வர மாசக்கணக்கா ஆகும். நான் கவலப்படுறது வேற. சில பேரு நல்லா நடப்பாங்க, நல்லா பேசுவாங்க, ஆனா தானா எதையும் ஆரம்பிக்கமாட்டாங்க. சாப்பிடுன்னா சாப்பிடுவாங்க. சொல்லலன்னா அப்படியே உக்காந்திருப்பாங்க."

"எத்தன நாளைக்கு?"

"சொல்ல முடியாதும்மா. உள்ள இருந்து கிளம்புற அந்த வேகம் சிலருக்குத் திரும்பி வருது, சிலருக்கு வரல."

வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. உட்காரவைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தார். குளியுங்கள் என்றால் குளித்தார். உப்பில்லாத சாம்பாரையும் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டார். ஐந்து வாரம். வீட்டுக்குள் ஒரு சாதுவை வைத்துக்கொண்டு என்னடா செய்வது என்று அக்கா கேட்டாள்.

ஆறாவது வாரம், ஒரு வியாழக்கிழமை காலை, மண்டியைத் திறந்த கையோடு அக்காவின் போன் வந்தது. "உடனே வூட்டுக்கு வாடா." ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு ஓடினேன்.

அக்கா காபித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றாள். கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

"நான் குடிங்கன்னுகூட சொல்லலடா. வெச்சிட்டுத் திரும்புறேன், அவரா எடுத்து ஒரு வாய் குடிச்சிட்டு, 'இது காபியா கழுநீரா'ன்னு கேட்டாரு."

"அவரா கேட்டாரா? நீ எதுவும் எடுத்துக் குடுக்கலியே?"

"தம்ளரைத் தள்ளி வேற வெச்சாருடா."

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். இரண்டு கருவிழியும் ஒன்றாக மேலே போயின, கீழே வந்தன.

"மண்டிய யாரு பாத்துக்கறா?"

"பூட்டிட்டு வந்தேன் மாமா."

"காலங்காத்தால பூட்டுவானா ஒருத்தன்?"

அக்கா உள்ளே ஓடினாள். சர்க்கரை டப்பா திறக்கிற சத்தம் கேட்கவே இல்லை. அடுத்த தம்ளரில் வேண்டுமென்றே சர்க்கரை போடாமல் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். குடிக்கச் சொல்லவில்லை. நாங்கள் இருவரும் தள்ளி நின்று பார்த்தோம்.

மாமா தம்ளரை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது.

"வள்ளி," என்று ஆரம்பித்தார்.