கைக்குப் பழகாத பூனை

எங்கள் ஆங்கில-தமிழ் அகராதி அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. எந்தச் சொல்லுக்குப் பொருள் எழுதினாலும், கீழறையில் புத்தகம் தைக்கும் பைண்டர் அம்மாளிடம் அதை உரக்கப் படித்துக்காட்ட வேண்டும். அவருக்குப் புரிந்தால்தான் அச்சுக்குப் போகும். நான் வகுத்த விதி. இருபது ஆண்டுகளில் ஒருநாளும் தளர்த்தியதில்லை.

அன்று வேறோர் உத்தரவையும் பிறப்பித்திருந்தேன். துணையாசிரியர் தெருவிலிருந்து எடுத்துவந்த பூனை, சொல்லட்டை இழுப்பறைகளுக்கிடையே பதுங்கியிருந்து, கண்டவரையெல்லாம் பிறாண்டிக்கொண்டிருந்தது. நான் ரூலரை நீட்டி விரட்டியும் அது அசையவில்லை. மாலை ஐந்து மணிக்குள் அது வெளியேற வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவரோ தனிக்கட்டை, அவருடைய வீட்டு உரிமையாளர் பூனையைப் படியேற விடமாட்டார். பகல் முழுவதும் அவர் முகம் தொங்கியே கிடந்தது.

நாலரை மணிக்கு ஓர் அட்டையுடன் அவர் கீழறைக்குப் போனார். நானும் உடன் சென்றேன்.

"மான்ஸ்வெட்யூட்: சாந்தம், சாதுவான குணம். லத்தீனில் 'மானுஸ்' என்பது கை. 'சுவேஸ்கெரே' என்பது பழகுதல். கைக்குப் பழகிய தன்மை" என்று படித்தார்.

பைண்டர் தையலை நிறுத்தவில்லை. "கைக்குப் பழகினதுன்னா இந்த ஊசியுந்தான் முப்பது வருஷமாப் பழகியிருக்கு. சாதுவா அது? நேத்துகூடக் குத்திச்சு."

"ஐயோ அக்கா, இது உயிருள்ளதுக்குச் சொல்றது. மிரண்டு ஓடின மிருகம், மனுஷன் கை பட்டுப் பட்டு, பக்கத்துல வந்து நிக்கும்ல? அந்தக் குணம்."

"அப்ப உங்க பூனைக்கு அது கிடையாது."

"கிடையாது. அஞ்சு மணிக்கு அது கிளம்புது" என்றேன்.

"என் கைக்குப் பழகியிருக்கு மேடம்" என்று முனகியவர், ஓடிப்போய்ப் பூனையைத் தூக்கிவந்தார். அது அவர் தோளில் ஈரத்துணிபோல் துவண்டு கிடந்தது. சோதிக்காமல் எதையும் ஏற்பது என் வழக்கமன்று. ஒரு விரலை நீட்டினேன். நீளமாகவே பிறாண்டியது.

பைண்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "இப்பத்தான் புரியுது! ஏம்மா, நீங்க ஒரு நாளாவது அதைத் தொட்டிருக்கீங்களா? ரூலரைத்தானே நீட்டியிருக்கீங்க? அது ரூலருக்குப் பழகியிருக்கும், பாவம்!"

துணையாசிரியர் சிரிப்பை இருமலாக்க முயன்று தோற்றார்.

பைண்டருக்குப் புரிந்துவிட்டது, ஆகவே பொருள் தேறிவிட்டது. நானே தேர்ச்சி கொடுத்த பொருளுக்கு நானே மாறாக நடப்பதெப்படி?

"ஒரு மாசம் தவணை" என்றேன், விரலில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டே. "தினமும் காலையில அதுக்குத் தீனியை நானே என் கையால வைக்கிறேன். பழகுதான்னு பார்க்கலாம்."

"பூனைக்கு ஒரு மாசம் தாராளம்மா" என்றார் பைண்டர், நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி. "உங்களுக்குத்தான், ரெண்டு மாசமாப் போட்டுக்குங்க."