இரட்டைச் சூரியனில் ஒரு பெயர்

வரும் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் பிறகு பாதிஸுக்கு, உடல் இல்லாமலே, ஜனாஸா என்னும் இறுதித் தொழுகை என்று முடிவாகிவிட்டது. இத்தனை மாதமாக மறுத்துவந்த யம்மா, இன்று காலை ரொட்டிக்கு ரவை பிசைந்துகொண்டே, தலை நிமிராமல், “சரி, தொழுதுடுங்க” என்றாள். அயாஷ் மாமா உடனே இமாமுக்குப் போன் செய்தார். தங்கை மனம் மாறிவிடுவாளோ என்ற பயம் அவருக்கு.

ஜனவரியில் ஊரான அன்னாபாவின் கடற்கரையிலிருந்து, கடலுக்கு அப்பால் இருக்கும் சார்தீனியாத் தீவுக்குக் கள்ளத்தனமாகக் கிளம்பிய படகில் பாதிஸ் இருந்தான். படகு கவிழ்ந்து கிடந்தது. சிலரின் உடல்கள் கரை ஒதுங்கின. அவனுடையது ஒதுங்கவில்லை. கரை சேர்ந்திருந்தால் போன் செய்திருப்பான் என்பதுதான் ஊர் முழுவதும் சொன்ன கணக்கு.

பாதிஸின் அக்கா ஷஹீனாஸ் அறைக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தாள். தம்பிதான் அவளை இந்த விண்வெளி விளையாட்டுக்குள் இழுத்துவிட்டவன். நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தாவிப் போக வேண்டும். வழியில் ஏதாவது ஒரு சூரியனை உரசினாற்போல் பறந்து எரிபொருள் நிரப்பிக்கொள்ள வேண்டும். ஆள் நடமாட்டமே இல்லாத கோடியில் பாதிஸ் ஓர் இரட்டைச் சூரியனைக் கண்டுபிடித்திருந்தான். சாப்பிடும்போதெல்லாம் அதே பேச்சு. கப்பலை அங்கேயே நிறுத்திவைத்துவிட்டுத்தான் படகேறினான்.

வசந்தத்தில் அவள் ஒருமுறை அங்கே போய் வந்தாள். ஒன்று ஆரஞ்சு, ஒன்று வெள்ளையாக இரண்டு சூரியன்களும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்தன. கண்டறிந்தவர் பெயருக்கான இடம் காலியாக இருந்தது. தன் பெயரில் பதிந்துகொள்ள அவளுக்கு மனம் வரவில்லை, திரும்பிவிட்டாள். இன்று போவது விடைபெற. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு போனால் அது கல்லறைக்குப் போவது போலாகிவிடும் என்று தோன்றியது.

கடைசித் தாவல் முடிந்து திரை வெளுத்தது. இரண்டு சூரியன்களும் எதிரே வந்து நின்றன. கீழே ஒரு வரி.

கண்டறிந்தவர்: பாதிஸ்23.

இருபத்து மூன்று அன்னாபாவின் மாவட்ட எண். ஊர்ப் பையன்கள் எல்லோரும் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வதுதான். அவளுக்கு முதலில் ஓர் ஆறுதல்தான் வந்தது. அவன் பெயர் எங்கோ ஓரிடத்தில் நிலைத்துவிட்டது.

பிறகுதான் உறைத்தது.

கண்டதும் பெயர் ஏறுவதில்லை இந்த விளையாட்டில். கப்பல் அத்தனை தூரமும் திரும்பித் தாவி, மனிதர்கள் இருக்கும் நிலையம் ஒன்றில் இறங்கி, கண்டதையெல்லாம் ஒப்படைக்க வேண்டும். வழியில் கப்பல் வெடித்தால் எல்லாம் போச்சு. அப்படி ஒப்படைத்த பிறகுதான் பெயர் ஏறும். வசந்தத்தில் இல்லாத பெயர் இன்று இருக்கிறது.

“மாமா!”

குரல் கேட்டு அயாஷ் மாமா செருப்பைக்கூடத் தேடாமல் ஓடிவந்தார்.

“என்ன, பாம்பா?”

அவள் விளக்கினாள். இரண்டாவது தடவை சொன்னபோதுதான் அவருக்குப் புரிந்தது. புரிந்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

“அவன் கம்ப்யூட்டரைத்தான் படகுக்காக வித்துட்டானே. வாங்கின பய எவனாவது ஆடியிருப்பான்.”

“பாஸ்வேர்டு வேணும் மாமா.”

“இந்தக் காலத்துப் பயலுங்களுக்குப் பாஸ்வேர்டா பெரிசு? என் பேங்க் கார்டையே ஒருத்தன் உருவிட்டான். மெல்லப் பேசு. உங்க அம்மா காதுல விழுந்துச்சுன்னா நாளைக்கு நான்தான் அவளைத் தாங்கணும். மனசுக்குள்ள ஒரு தடவை புதைச்சது போதாதா?”

அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஷஹீனாஸ் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். கப்பலை மெல்ல உள்ளே செலுத்தினாள். மூன்று கோள்கள் இருந்தன. ஒப்படைத்தவன் கோள்களுக்குத் தன் விருப்பப்படி பெயர் வைக்கலாம். முதல் இரண்டுக்கும் வெறும் எண்கள்தான். மூன்றாவதில் மரமில்லை, மேகமில்லை, ஒரு பள்ளம்கூட இல்லை. ஆரஞ்சு வெயிலில் வழவழவென்று மின்னியது. அதற்கு மட்டும் பெயர் வைக்கப்பட்டிருந்தது.

அவள் வாய்விட்டுப் படித்தாள். “அயாஷ் மாமாவின் மண்டை.”

மாமாவின் கை தானாகத் தலைக்குப் போனது. அந்த வீட்டில் அவர் வழுக்கையைக் கிண்டல் செய்ய ஒரே ஒருவனுக்குத்தான் தைரியம் இருந்தது. பெருநாள் அன்றுகூட, “மாமா, இப்படி ஜன்னல் பக்கம் திரும்புங்க, வெளிச்சம் பத்தலை” என்பான்.

“இந்த நாயி...” என்றார். கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். “எப்போ? என்னைக்குப் பதிஞ்சிருக்கான்?”

“போன ஞாயித்துக்கிழமை.”

கதவு திறந்தே இருந்தது. சாத்தியது சரியாகப் பொருந்தவில்லை. வாசலில் யம்மா நின்றுகொண்டிருந்தாள். கையில் ரவை மாவு விரல் விரலாகக் காய்ந்திருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. முகத்தில் அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. கன்னத்தில் யாரோ ஓங்கி அறைந்துவிட்டுப் போனது போல் இருந்தாள்.

“அந்தத் தூரத்துலேர்ந்து திரும்பி வர எவ்வளவு நாளாகும்?”

“தினம் சாயங்காலம் ஆடினா... ஒரு மாசத்துக்கு மேலயே ஆகும், யம்மா.”

“ஒரு மாசம்.” யம்மா அதைத் திரும்பச் சொன்னாள். “ஒரு மாசமா விளையாட நேரமிருக்கு. அம்மாவைக் கூப்பிட நேரமில்லை.”

“முகாம்ல எங்கயாவது அடைச்சு வெச்சிருப்பாங்களோ என்னவோ, யம்மா. வெக்கமாக்கூட இருக்கலாம். அத்தனை பேர் செத்த படகு.”

“நான் இமாமுக்கு வேண்டாம்னு சொல்லிடறேன்,” என்று மாமா போனை எடுத்தார்.

“போனைக் கீழே வைங்கண்ணே.”

யம்மா திரைக்கு அருகே வந்து அந்த மொட்டைக் கோளையே பார்த்தாள். பிறகு அண்ணனின் தலையைப் பார்த்தாள்.

“இதுல அவனுக்குச் சேதி அனுப்பலாமா?”

“அனுப்பலாம். அவன் உள்ளே வரும்போது பார்ப்பான்.”

“எழுது.”

ஷஹீனாஸ் விரல்களை விசைகளின் மேல் வைத்தாள்.

“போன் பண்ணு,” என்றாள் யம்மா. “இல்லைன்னா வெள்ளிக்கிழமை தொழுதுடுவோம்னு எழுது.”